பழைய காரின் சக்கரங்களைச் சமன்செய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மோரிஸ் மைனரோ டட்சன் 120ஒய்யோ போன்ற பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு குறை தவறாமல் வரும். வண்டி எழுபது, எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டயர் கடையில் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் வேலை, செய்தாகிவிட்டது. இயந்திரத்தின் திரையில் இரு பக்கமும் பூஜ்யம் காட்டியதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் நடுக்கம் போகவில்லை. அடுத்த கடைக்குப் போகிறார்கள்; அங்கும் பூஜ்யம், அதே நடுக்கம். கடைசியில் "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

அப்படி இருக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு மோரிஸ் மைனர் எண்பதில் அமைதியாக ஓடும். இயந்திரம் காட்டும் பூஜ்யத்தை நம்புவதற்கு முன், அந்தச் சக்கரம் இயந்திரத்தின் மீது எப்படி உட்கார்ந்திருந்தது என்று பார்க்க வேண்டும். சக்கரம் பூட்டப்படும் காரின் ஹப்பில் எந்த மையத்தில் சுழல்கிறதோ, அதே மையத்தில் இயந்திரத்திலும் சுழன்றிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. இன்றைய கார்களுக்காக வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தில் நாற்பது, ஐம்பது வயதுச் சக்கரத்தை மாட்டும்போது பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றியே நிற்கின்றன.

சிறு எடை ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது

145ஆர்14 அளவு டயர் பூட்டிய சக்கரம் ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 4 கிலோ எடைக்கு நிகரான விசையோடு சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும். வினாடிக்கு 14 முறை மேலும் கீழும் முன்னும் பின்னும் அந்த இழுப்பு மாறிமாறி வரும். வேகத்தை 45க்குக் குறைத்தால் விசை பாதியாகாது. நான்கில் ஒரு பங்காகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல், பெரிய சாலை ஏறியதும் ஆட்டம் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் உண்டு. சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரத்துக்கென்று ஓர் இயல்பான துடிப்பு இருக்கிறது. பொதுவாக வினாடிக்கு 10 முதல் 15 வரை. சக்கரத்தின் சுற்று அதனோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்தை அடையும்; அதைத் தாண்டினால் குறைந்ததுபோலத் தோன்றும். குறைந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்டி ஓட்டுவது தீர்வாகாது. பேரிங்கும் ஸ்டீயரிங் மூட்டுகளும் அப்போதும் அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

சமனின்மை இரண்டு வகை. சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால் அது மேலும் கீழும் குதிக்கும். உள்விளிம்பில் ஓரிடத்திலும், அதற்கு நேர் எதிரே வெளிவிளிம்பில் இன்னோரிடத்திலும் கனம் இருந்தால் சக்கரம் இடம் வலமாகத் தலையாட்டும். முதலாவதை வீட்டிலேயே சரிசெய்யலாம். இரண்டாவதைச் சுழற்றிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்கு இயந்திரம் வேண்டும்.

முதலில் நோயைக் கண்டறியுங்கள்

ஞாயிறு காலையில் லாரிகள் குறைவாக ஓடும் நேரத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் செல்லும் பழைய கூட்டரசு சாலையில் வண்டியை எடுத்துச் செல்லுங்கள். புறப்பட்டவுடன் முடிவுக்கு வர வேண்டாம். நைலான் இழை கொண்ட பழைய வகை டயர்கள் இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பகுதி தட்டையாகிவிடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறினால்தான் அவை மீண்டும் வட்டத்துக்கு வரும். அதன் பிறகு, சாலையின் உச்ச வரம்பான 90க்குள், வேகத்தை மெல்லக் கூட்டிக் கவனியுங்கள்.

நடுக்கம் ஸ்டீயரிங் வழியே கைக்கு வந்தால் முன்சக்கரங்களைச் சந்தேகியுங்கள். இருக்கையிலும் தரையிலும் உணர்ந்தால் பின்சக்கரங்கள். நேரான சாலையில் கிளட்சை மிதித்து எஞ்சின் வேகத்தைக் குறைய விடுங்கள். நடுக்கம் உடனே நின்றுவிட்டால் அது சக்கரத்தின் வேலை அல்ல. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் பெரும்பாலும் வட்டம் இழந்திருக்கும். இந்தச் சோதனைகளுக்குக் காசு செலவில்லை. கால் மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் நேரே டயர் கடைக்குப் போகிறவர்கள் பாதிப் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

சக்கரத்தைத் தொடுமுன் மூட்டுகளைப் பாருங்கள்

வண்டியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். தோட்டத்து வீடுகளின் முற்றத்தில் செம்மண் தரைதான் என்றால், ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கெட்டியான பலகை வையுங்கள். மழை பெய்த மறுநாள் அந்த மண் எடையைத் தாங்காது. மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது.

முன்சக்கரத்தைத் தூக்கியபின், மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவிக்கு ஒருவரை உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்துவிட்டால் குறை பேரிங்கில் இருக்கிறது. மிதித்த பிறகும் ஆடினால் முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் அல்லது அதுபோன்ற திருகு மூட்டுத் தேய்ந்திருக்கிறது. அடுத்துச் சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசையுங்கள். அங்கே ஆட்டம் என்றால் ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு.

மோரிஸ் மைனர்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்குவது மரையுள்ள டிரன்னியன் மூட்டுகள். தவறாமல் கிரீஸ் அடிக்காவிட்டால் கீழ் மூட்டின் மரை தேய்ந்துபோய், ஒருநாள் வளைவில் திரும்பும்போது சக்கரமே மடிந்து விழுந்துவிடும். சமன்செய்வதற்காகத் தூக்கிய வண்டியில் இந்த மூட்டுகளைப் பார்க்காமல் இறக்காதீர்கள். நடுக்கம் தொல்லைதான், இது உயிருக்கே ஆபத்து.

மூட்டில் ஆட்டம் இருக்கும் வண்டிக்கு எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் பலன் இல்லை. மூட்டு இறுக்கமாக இருக்கும் வண்டி 10 கிராம் குறையைப் பொறுத்துக்கொள்ளும். தளர்ந்த வண்டி அதே 10 கிராமைப் பெரிதாக்கிக் காட்டும்.

ரிம்மும் டயரும்

லிந்தாங் சாலை வழியாகத் தோட்டங்களுக்குள் போய்வரும் வண்டிகளின் ரிம்முக்குள் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். உள்பக்கத்துப் பள்ளத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. கையளவு காய்ந்த மண் 100 கிராமைச் சுலபமாகத் தாண்டும். கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, உலரவைத்த பிறகே மற்ற வேலை. கழுவிய பிறகு நடுக்கமே போய்விட்ட வண்டிகளும் உண்டு.

ரிம்மைக் கழுவியதும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். ஹப்பில் பொருந்தும் தட்டையான பின்புறம் முதலாவது. அங்கே துருவோ தடித்த பெயிண்டோ இருந்தால் சக்கரம் சாய்ந்து உட்காரும். நட்டு உட்காரும் கூம்புப் பள்ளங்கள் அடுத்தது. மறுசீரமைப்பு என்ற பெயரில் பவுடர் கோட்டிங்கைத் தடிமனாக அடித்திருந்தால், ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கி நட்டுத் தளரும். அந்தப் பள்ளங்களில் பூச்சு இருக்கக் கூடாது. மூன்றாவது, பள்ளங்களைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல். விரிசல் இருந்தால் அந்த ரிம்மை வெல்டிங் செய்து காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

பிறகு சக்கரத்தை ஹப்பில் மாட்டி, ஸ்டாண்டின் மீது ஓர் ஆணியையோ ஸ்குருடிரைவரையோ அசையாமல் கட்டி, அதன் முனையை ரிம்மின் விளிம்புக்கு அருகில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள். முனைக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள இடைவெளி கூடிக் குறைவதைப் பாருங்கள். பழைய இரும்பு ரிம்மில் 1.5 மில்லிமீட்டர் வரை மாறினால் பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் ரிம் வளைந்திருக்கிறது. வளைந்த ரிம்மைச் சமன்செய்ய முடியும்; ஆனால் அது உருளும்போது வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடத்தான் செய்யும். எடை வேறு, வட்டம் வேறு. ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிக்கட்ட முடியாது.

டயரின் வயதைப் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் டயரின் பூ தேயாமல் இருக்கும், உள்ளே ரப்பர் இறுகிப்போயிருக்கும். நம் வெயிலில் பத்து ஆண்டு நின்ற டயர் எவ்வளவு பூவோடு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரத்தின் பாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியெடுத்த குடும்பங்கள் நாம். ரப்பர் வெயிலில் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடத்தைக் குறிக்கும். அதை வால்வுக்கு நேரே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். தேவைப்படும் எடை குறையும். பழைய ரிம்களில் டயர் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் உள்மேடு பெரும்பாலும் இருக்காது. சிலவற்றில் ரிவெட் வழியே காற்றுக் கசியும். அவற்றுக்கு டியூப் போடுவதே பாதுகாப்பு. ரேடியல் டயருக்கு அதற்கென்று செய்த டியூபைக் கேட்டு வாங்குங்கள். டியூபின் மீது டால்கம் தூள் தூவி, காற்றடித்து, ஒருமுறை முழுவதும் இறக்கிவிட்டு மீண்டும் அடித்தால் உள்ளே மடிந்திருக்கும் சுருக்கம் நீங்கும். மடிந்த டியூப் ஒரே இடத்தில் கனத்தைக் கூட்டும். உரசி ஓட்டையும் ஆகும்.

இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் குறுக்கிழை டயரையும் (கிராஸ் பிளை) ரேடியலையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. இரண்டும் கலந்துதான் ஆக வேண்டும் என்றால் ரேடியல் இரண்டும் பின்னால்.

இயந்திரத்தில் ஏற்றும்போது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

இன்றைய பெரும்பாலான கார்களில் சக்கரத்தின் நடுத்துளை நுட்பமாகக் கடையப்பட்டிருக்கும். ஹப்பின் நடுமேட்டில் அது கச்சிதமாக உட்காரும். அதனால் இயந்திரத்தின் தண்டில் ஒரு கூம்பைச் செருகி நடுத்துளையில் இறுக்கினால் மையம் தானாக வந்துவிடும். பழைய கார்கள் பலவற்றில் நடுத்துளை வெறும் வழிதான். கிரீஸ் மூடி வெளியே வருவதற்காக அச்சுக்கருவியால் வெட்டிய ஓட்டை. அங்கே சக்கரத்தை மையத்தில் நிறுத்துபவை, ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையாணிகளான ஸ்டட்டுகளில் ஏறும் கூம்பு நட்டுகள். அப்படிப்பட்ட சக்கரத்தை நடுத்துளையில் கூம்பு வைத்து இறுக்கினால், காரில் சுழலும் மையம் வேறு, இயந்திரத்தில் சுழலும் மையம் வேறு என்றாகிவிடுகிறது.

அரை மில்லிமீட்டர் விலகல் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். டயரோடு சேர்த்து 12 கிலோ எடையுள்ள 14 அங்குலச் சக்கரம் மையத்திலிருந்து 0.5 மில்லிமீட்டர் விலகினால், ரிம் விளிம்பில் 30 கிராமுக்கு மேல் தவறு வரும். இயந்திரம் அந்தத் தவறை நேர்மையாக அளந்து, அதற்கு ஈடான எடையைக் கேட்கும். கடைக்காரர் அடிப்பார், திரை பூஜ்யம் காட்டும். காரில் மாட்டியதும் அந்த 30 கிராமும் உயிர்பெற்றுவிடும். திரையில் தெரிந்த பூஜ்யம் பொய்யில்லை. அது வேறொரு மையத்துக்கான பூஜ்யம்.

தீர்வு, நட்டுப் பள்ளங்களைப் பிடித்து இறுக்கும் விரல் பிளேட். நான்கு அல்லது ஐந்து கூம்பு முனை விரல்கள் கொண்ட அந்தத் தட்டை, சக்கரத்தின் துளை வட்டத்துக்கு ஏற்ப நகர்த்தி அமைக்கலாம். மோரிஸ் மைனருக்கும் பழைய மினிக்கும் நான்கு துளை, வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். டட்சன் 120ஒய்க்கு நான்கு துளை, 114.3. பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலின் ஐந்து துளைச் சக்கரத்துக்கு 205. அதன் நடுத்துளை மிகப் பெரியது என்பதால் சாதாரணக் கூம்பு அங்கே நுழைந்து மறுபக்கம் வந்துவிடும், தனிப் பிளேட் இல்லாமல் முடியவே முடியாது.

டயர் கடைக்குப் போகுமுன் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பிளேட் இருக்கிறதா என்று கேளுங்கள். சுங்கை சிப்புட்டில் கிடைக்காவிட்டால் ஈப்போவுக்குப் போவது வீண்செலவல்ல. அங்கும் இல்லையென்றால், உங்கள் காரின் பழைய ஹப் ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்து, இயந்திரத் தண்டின் விட்டத்துக்கு நடுவில் துளை கடையச் சொல்லலாம். தண்டின் விட்டம் கடைக்குக் கடை மாறும். 36, 38, 40 மில்லிமீட்டர் அளவுகள் பரவலானவை. கடையில் அளந்துகொண்டு போங்கள். கடைபவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பேரிங் உட்காரும் வட்டத்தை வைத்துத்தான் மையம் பிடிக்க வேண்டும், வெளிவிளிம்பை வைத்து அல்ல. அந்த ஹப் உங்களிடம் இருக்கும்வரை எந்தக் கடைக்கும் நம்பிக்கையோடு போகலாம்.

பிளேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடையை விட்டுக் கிளம்புமுன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். பூஜ்யம் காட்டிய சக்கரத்தைத் தளர்த்தி, தண்டின் மீது அரைச் சுற்றுத் திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுழற்ற வேண்டும். புது எண் 10 கிராமுக்குள் இருந்தால் சக்கரம் தண்டின் மீது ஒரே சீராக உட்காருகிறது; ஆனால் நடுத்துளையே மையம் விலகியிருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டாது. 30, 40 என்று காட்டினால் சக்கரம் சரியாக உட்காரவில்லை. அதுவரை அடித்த எடைகளைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். "பாஸ், ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டுச் சுற்றுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கூடுதல் காசு தருவதாகவும் சொல்லுங்கள். சோதித்துக் காட்டத் தயங்காத கடைதான் பழைய காருக்கு ஏற்ற கடை.

இயந்திரத்தில் அளவுகளைப் பதிவதிலும் கவனம் தேவை. ரிம்மின் விட்டம், அகலம், இயந்திரத்திலிருந்து உள்ள தூரம் ஆகிய மூன்றையும் அளந்து பதிய வேண்டும். முந்திய வாடிக்கையாளரின் 16 அங்குல எண்ணிலேயே உங்கள் 14 அங்குலச் சக்கரத்தைச் சுழற்றிவிடுவார்கள். மோரிஸ் மைனரின் ரிம் அகலம் மிகக் குறைவு. இவ்வளவு ஒடுங்கிய சக்கரத்தில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் மிக நெருக்கமாக இருப்பதால், சிறு தலையாட்டத்துக்கும் இயந்திரம் இரு பக்கமும் எதிரெதிரே பெரிய எடைகளைக் கேட்கும். அப்படிக் கேட்டால் உடனே அடிக்க விடாதீர்கள். முதலில் சக்கரம் சாய்ந்து இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாயவில்லை என்றால், குதிப்பை மட்டும் அளக்கும் ஒருதளச் சமன் முறைக்கு மாற்றி, வரும் எடையைப் பாதிப் பாதியாக இரு விளிம்பிலும் போடுவது இத்தகைய சக்கரத்துக்குப் போதுமானது.

ஒரு பக்கத்துக்கு 60 கிராமுக்கு மேல் கேட்டாலும் நிறுத்துங்கள். கனமான இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, காற்றை இறக்கி, டயரை ரிம்மின் மீது அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டி மீண்டும் அளக்க வேண்டும். கனமான இடம் டயரோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் குறை டயரில். வால்வைப் பொறுத்து அதே இடத்தில் நின்றால் ரிம்மில். பெரும்பாலும் இரண்டின் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்து, கேட்கும் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

எடைகளைப் பற்றி

இரும்பு ரிம்முக்கு விளிம்பில் கவ்வும் எடையே நல்லது. புது அலாய் ரிம்முக்கான கவ்வி பழைய இரும்பு விளிம்பில் சரியாகப் பிடிக்காது; இரும்பு ரிம்முக்கான வகையைக் கேளுங்கள். கழற்றிய எடையை மீண்டும் அடிக்கக் கூடாது, கவ்வி விரிந்துபோயிருக்கும். ஈய எடையைத் தொட்டால் சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெளிவிளிம்பில் எடை தெரிவது அழகைக் கெடுக்கிறது என்று உள்ளே ஒட்டும் எடையை விரும்புவோர் உண்டு. ஒட்டுமுன் அந்த இடத்தின் துருவை நீக்கி ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லையேல் நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் ஒரு மாதம் தாங்காது. மினியின் 10 அங்குல ரிம்முக்கும் பிரேக்குக்கும் இடையே இடம் மிகக் குறைவு, ஒட்டிய பிறகு கையால் சுற்றி உரசுகிறதா என்று பாருங்கள். குரோம் தொப்பி போடும் வண்டிகளில், தொப்பியை மாட்டிப் பார்த்து எடையில் இடிக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். நசுங்கிய தொப்பியே சமனைக் கெடுக்கும்.

கம்பிச் சக்கரங்கள் தனிக்கதை. ஆரக்கம்பிகளின் இறுக்கம் சீராகாமல் அவற்றைச் சமன்செய்வதில் பொருளில்லை. இயந்திரத்தில் ஏற்றவும் அவற்றின் பல்வரிசை ஹப்புக்குப் பொருந்தும் தனிக் கூம்புகள் வேண்டும்.

வீட்டிலேயே சமன்செய்வது

இயந்திரம் வருவதற்கு முன் உலகமெங்கும் இப்படித்தான் செய்தார்கள். ஒடுங்கிய ரிம்முள்ள, 90க்கு மேல் ஓடாத வண்டிக்கு இந்த முறை இன்றும் நிறைவான பலன் தருகிறது. மோசமாக ஏற்றிய இயந்திரச் சமனைவிடப் பொறுமையாகச் செய்த கைச்சமனையே நான் நம்புவேன். காரணம், இங்கே சக்கரம் தன் சொந்த ஹப்பின் மீது, தன் சொந்த நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. மையம் தவற வழியே இல்லை.

உடைத்து விற்கும் கடையிலிருந்து உங்கள் காரின் ஸ்டப் ஆக்சிலையும் (முன்சக்கரம் சுழலும் குட்டை அச்சு) ஹப்பையும் வாங்குங்கள். தடித்த இரும்புக் குழாயில், சக்கரம் தரையைத் தொடாத உயரத்தில், ஆக்சில் கிடைமட்டமாக நிற்கும்படி வெல்டிங் செய்து, கீழே அகலமான அடித்தட்டு வையுங்கள். பேரிங்கில் உள்ள கிரீஸைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, லேசான எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். எண்ணெய்த் தடுப்பு வளையத்தையும் கழற்றிவிடுங்கள். சக்கரம் ஒரு விரல் தொட்டதும் சுழல வேண்டும். ஓட்டும் வண்டியின் ஹப்பிலேயே இதைச் செய்யலாம் என்றாலும், வேலை முடிந்ததும் கிரீஸ் அடைத்து பேரிங்கை முறைப்படி இறுக்க மறந்தால் பெரும் ஆபத்து. தனித் தாங்கியே நல்லது.

டயரில் குறித்த அளவுக்குக் காற்றடித்து, பழைய எடைகளையெல்லாம் கழற்றிவிட்டு, சக்கரத்தை மாட்டுங்கள். வலப்பக்கமாக மெல்லச் சுழற்றி, தானாக நிற்க விடுங்கள். அடியில் வந்து நின்ற இடத்தில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். அடுத்து இடப்பக்கமாகச் சுழற்றி அதையே செய்யுங்கள். பேரிங்கின் உராய்வால் இரு கோடுகளும் சற்றே விலகியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதே கனமான இடம். அதற்கு நேர் எதிரே, உச்சியில், லேசான இடம்.

லேசான இடத்தில் சம எடையுள்ள இரண்டு கட்டிகளை ஒட்டுநாடாவால் சேர்த்து ஒட்டுங்கள். 30 கிராம் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பி, கட்டிகள் பக்கவாட்டில் வரும்படி நிறுத்திக் கையை எடுங்கள். கட்டிகள் மேலே எழும்பினால் எடை போதவில்லை, கூடுதலாகப் போடுங்கள். கீழே இறங்கினால் எடை அதிகம். இரண்டு கட்டிகளையும் லேசான இடத்திலிருந்து இருபுறமும் சம தூரம் விலக்குங்கள். விலக விலக அவற்றின் பயன் குறையும். ஒவ்வொன்றும் 60 பாகை விலகினால் இரண்டு 30 கிராம் சேர்ந்து ஒரே 30 கிராம் வேலையைத்தான் செய்யும். கட்டியை வெட்டிச் சிறிதாக்காமலே எந்த அளவையும் இப்படிப் பிடித்துவிடலாம்.

சக்கரத்தை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கேயே நிற்க வேண்டும். எட்டுத் திசையிலும் நிறுத்திப் பாருங்கள். காற்றோட்டம் கூட ஏமாற்றும், மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நின்றுவிட்டால், ஒவ்வோர் இடத்திலும் உள்ள எடையைப் பாதியாக்கி, உள்விளிம்பில் ஒரு பாதி, அதே திசையில் வெளிவிளிம்பில் மறுபாதி என்று கவ்வும் எடைகளால் அடியுங்கள். முழுவதையும் ஒரே விளிம்பில் அடித்தால் குதிப்பு நிற்கும், தலையாட்டம் புதிதாகப் பிறக்கும். அடித்த பிறகு ஒருமுறை மீண்டும் சோதியுங்கள்.

டிரம்மின் பங்கு

சக்கரம் சரியாகியும் நடுக்கம் மிச்சமிருந்தால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிரம்மை மட்டும் கையால் சுற்றிப் பாருங்கள். எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் டிரம் கனமாக இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு டிரம்களில் இது அரிதல்ல. அதைத் துளையிட்டு எடை குறைக்க முயல வேண்டாம், டிரம் பிளந்துவிடும். சக்கரத்தின் கனம் மிஞ்சிய பக்கம் டிரம்மின் கனத்துக்கு எதிரே வரும்படி, ஸ்டட்டுகளில் சக்கரத்தை ஒவ்வோர் இடமாக மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். நான்கு ஸ்டட் என்றால் நான்கு வாய்ப்பு. அமைதியாக ஓடும் இடம் கிடைத்ததும், அந்த ஸ்டட்டின் முனையிலும் ரிம்மின் துளையருகிலும் ஒரு பொட்டுப் பெயிண்ட் வையுங்கள். பஞ்சர் ஒட்டக் கழற்றினாலும் அதே இடத்தில்தான் மாட்ட வேண்டும்.

பின்சக்கரத்தைத் தூக்கி எஞ்சினால் சுழற்றிப் பார்க்கும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றொன்று மட்டும் சுழன்றால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல் அதை மானி காட்டும் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் சுழற்றும். வீட்டில் இதைச் செய்யாதீர்கள்.

மாட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

நட்டின் கூம்புப் பக்கம் உள்நோக்கி இருக்க வேண்டும். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சக்கரம் சாய்ந்து, செய்த வேலையெல்லாம் வீணாகும். கடைசி இறுக்கம் வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, முறுக்குமானி கொண்டு, உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு. காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள். பழைய ஸ்டட்டுகளின் மரையும் மெல்லிய ரிம்மின் பள்ளங்களும் அதைத் தாங்கா. 1960கள் வரை வந்த கிறைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை இருக்கும். நட்டு வரவில்லை என்று கம்பியைப் போட்டு ஏறி மிதிக்குமுன் அதைப் பாருங்கள்.

80 கிலோமீட்டர் அளவு ஓடியதும் நட்டுகளை மீண்டும் சோதியுங்கள். பிறகு, முதலில் ஓட்டிப் பார்த்த அதே சாலையில், அதே வேகங்களில் ஓட்டுங்கள். நடுக்கம் குறைந்து, கொஞ்சம் மிச்சமிருந்தால், முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குறை இன்னும் ஏதோ ஒரு சக்கரத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றாக ஸ்பேர் சக்கரத்தைப் போட்டுப் பார்த்து எதுவென்று பிடித்துவிடலாம். அதற்காகவே ஸ்பேரையும் சேர்த்து ஐந்தையும் சமன்செய்ய வேண்டும். மாற்றியும் நடுக்கம் இடம் மாறவில்லை என்றால் சக்கரங்களை விட்டுவிடுங்கள். தேய்ந்த மூட்டோ, எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் தண்டோ காரணமாக இருக்கும். 1098 சிசி எஞ்சின் கொண்ட மோரிஸ் மைனரில் அந்தத் தண்டு சக்கரத்தைப்போல் 4.22 மடங்கு வேகமாகச் சுழல்கிறது. அதன் அதிர்வு ஆட்டமாக இல்லாமல் ரீங்காரமாகவே கேட்கும். தண்டைச் சமன்செய்வது லேத் பட்டறைக்காரரின் வேலை.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பக்கம் எத்தனை கிராம், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் வையுங்கள். பஞ்சர் ஒட்டிய சக்கரத்தையும் டியூப் மாற்றிய சக்கரத்தையும் அன்றே மறுபடி சமன்செய்யுங்கள். மற்றவற்றை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாத வண்டி என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.